உப்புல வாழும் கறுப்பு ஈஸ்ட்டும் ரெண்டு ஈஸ்ட் கதையும்

2019-ல கரன்ட் பயாலஜி இதழில் வந்த ஒரு கட்டுரையை இந்த வாரம் மறுபடி படிச்சேன். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்பகுதியில் மிதவை உயிரிகள், கடற்பஞ்சு, பவளம் இதிலிருந்தெல்லாம் பூஞ்சைகளை வளர்த்து எடுத்திருக்காங்க. 20 பேரினங்கள், 35 இனங்கள். அதுல சில கறுப்பு ஈஸ்ட்டுகள் பிரியும் விதத்தைப் பார்த்துட்டு, 'வழக்கத்துக்கு மாறானது'ன்னு தலைப்பிலேயே போட்டுட்டாங்க. எனக்கு உறுத்தினது அந்த வார்த்தைதான். யாரோட வழக்கம்?

அந்த 'வழக்கம்' ரெண்டே ரெண்டு ஈஸ்ட்டிலிருந்து வந்தது. ஒண்ணு ரொட்டிக்கடை ஈஸ்ட், மொட்டு விட்டுப் பெருகும். இன்னொண்ணு பாம்பே ஈஸ்ட். நம்ம மும்பை இல்லைங்க, சுவாஹிலியில் பீருக்கு அந்தப் பேர். குச்சி மாதிரி வளர்ந்து நடுவில் ரெண்டாகும். ஹார்ட்வெல் முதல் ஈஸ்ட்டிலும், நர்ஸ் ரெண்டாவதிலும் செய்த வேலைக்குத்தான் 2001 நோபல். பரிசுச் செய்திகளில் பெரும்பாலும் பேசப்பட்டது, செல் எப்போ பிரிய ஆரம்பிக்கணும்னு எப்படி முடிவு செய்யுது என்பது. பிரிவை எப்போ முடிக்கணும் என்பதற்கான ஜீன்களும் அதே ஆய்வுகளில்தான் கிடைச்சது. அதைப் பத்தி யாரும் பெரிசா பேசல.

முடிவு தானா நடக்கிற விஷயம் இல்லை. மொட்டு விடும் ஈஸ்ட்டில், எங்கே வெட்டணும் என்பது முதல்லயே தீர்மானமாகிடும்: மொட்டின் கழுத்து. அதனால அந்த செல்லுக்கு இருக்கிற ஒரே கவலை, உட்கருவின் ஒரு பாதி கழுத்தைத் தாண்டி மொட்டுக்குள் போய்ச் சேர்ந்துதா என்பதுதான். சேரும் வரை டெம்1 என்ற புரதம் அடக்கி வைக்கப்பட்டிருக்கும். சேர்ந்ததும் சமிக்ஞை கிளம்பி, உட்கருமணிக்குள் நெட்1 பிடிச்சு வைத்திருக்கும் சிடிசி14 வெளியே வரும். பிரிவை ஓட்டிக்கிட்டிருந்த சைக்ளின் அழியும். இந்தச் சங்கிலி அறுந்தா செல் அப்படியே ரெண்டு உட்கருவோடு நின்னுடும்.

பாம்பே ஈஸ்ட்டிலும் கிட்டத்தட்ட அதே சங்கிலி உண்டு, ஆனா வேலை வேற. அங்கே அறுந்தா செல் நிக்காது. உட்கரு 2, 4, 8 எனப் பெருகிக்கிட்டே போகும், குறுக்குச்சுவர் மட்டும் வராது. அதாவது இங்கே சங்கிலி சுவருக்குத்தான், பிரிவை விட்டு வெளியேறுவதற்கு இல்லை. (பேர் வைத்த லட்சணத்தையும் சொல்லணும். சிடிசி14 ரெண்டு ஈஸ்ட்டிலும் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற புரதம். மாணவர்கள் அழாம என்ன செய்வாங்க?)

2000-ல் சிங்கப்பூரில் மோகன் பாலசுப்பிரமணியனின் ஆய்வுக்குழு இதுல ஒரு முக்கியமான படி போச்சு. சுவருக்கான குளுக்கானைச் செய்யும் நொதி பழுதான பாம்பே ஈஸ்ட், ரெண்டு உட்கருவோடு அடுத்த பிரிவுக்குப் போகாம காத்திருக்குது. சுருங்க வேண்டிய வளையத்தையும் கலைக்காம வைத்திருக்குது. சுவர் முடியலன்னு செல்லுக்குத் தெரியுது. அதுக்கும் அதே சங்கிலி வேணும். இது வெறும் அறிவுப் பசிக்கான விஷயம் இல்லை. காஸ்போஃபங்கின் மாதிரி பூஞ்சைக்கொல்லி மருந்துகள் தாக்குவது இதே குளுக்கான் நொதி வகையைத்தான். மாறாக, சிடிசி14 இல்லாட்டி ரொட்டிக்கடை ஈஸ்ட் பிரிவை முடிக்க முடியாது. நோய் தரும் கேண்டிடா அல்பிகன்ஸ் அது இல்லாமலும் பிழைக்குது. ஒரு ஈஸ்ட்டை மட்டும் நம்பி மருந்து தேடினா எங்கே போய் முட்டுவோம்னு இதுலயே தெரியுது.

இப்போ அந்தக் கறுப்பு ஈஸ்ட். ஹோர்டேயா வெர்னெக்கீ உப்புக்கு அஞ்சாது. கடலோரத்திலும் உப்பிட்ட மீனிலும் கிடைச்சிருக்கு. சிலருக்கு உள்ளங்கையில் கறுப்புத் திட்டு வரவும் அதுதான் காரணம். நடுவில் சுவர் போட்டு ரெண்டாகுது, பிறகு மொட்டும் விடுது. வெட்டும் இடம் முன்னாடியே தீர்மானமாகும் முறை, பின்னாடி தீர்மானமாகும் முறை, ரெண்டும் ஒரே செல் வம்சத்தில். அப்போ அதன் முடிவுச் சங்கிலி எந்தக் கேள்வியைக் கேக்குது? உட்கரு கழுத்தைத் தாண்டிச்சா என்பதையா, சுவர் முடிஞ்சுதா என்பதையா? முறை மாறும்போது கேள்வியும் மாறுதா?

கட்டுரை இதைத் தொடல. நுண்ணோக்கியில் பொறுமையா படம் பிடிச்சு, விவரிச்சு நிறுத்திக்கிட்டாங்க. அந்தப் பொறுமைக்கு மரியாதை உண்டு. ஆனா வளரும் விதம், பிரியும் விதம்னு வகை பிரிப்பதோடு நின்னா, பழைய ரெண்டு கதையோடு மூணாவதா ஒரு விநோதக் கதை சேரும், அவ்வளவுதான். டெம்1-க்கு இணையான புரதத்துக்கு ஒளிரும் குறி போட்டு, சுவர் போடும்போதும் மொட்டு விடும்போதும் அது எங்கே நிக்குதுன்னு பார்த்தா விஷயம் பிடிபட ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, அதெல்லாம் குளிர்ந்த கடல். ஊரூர் ஒல்காட் குப்பம் மாதிரி வெயில் கொளுத்தும் கரையில், உப்புப் போட்டுக் காய வைக்கும் கருவாட்டில் பூசணம் பூத்தா நாம தட்டிட்டு குழம்பு வெச்சிடறோம். எலியட்ஸ் பீச்சுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிற கல்லூரி மாணவர் ஒருத்தர், ஒரு துண்டு கருவாடு, உப்பு சேர்த்த அகார் தட்டு, சாதாரண நுண்ணோக்கி வைத்து முதல் படியை ஆரம்பிக்கலாம். கறுப்பா, பளபளப்பா, ஈரமா ஒரு புள்ளி வந்தா அதை எடுத்துத் தனியா வளர்த்துப் பாருங்க.