கம்பரில் சத்துருக்கனன் இலக்கினம்

பிறப்பு வேளையில் கீழ்வானில் எழும் இராசியே இலக்கினம். ஏறத்தாழ ஐந்து நாழிகைக்கு ஒருமுறை அது மாறுவதால், ஒரே நாளில் பிறந்தோரையும் வேறுபடுத்தும்.

வழங்கிவரும் வான்மீகப் பாடத்தில் சுமித்திரையின் மைந்தர் இருவர்க்கும் ஆயிலியமும் கடகமும் பொது. கம்பரோ திருஅவதாரப் படலத்தில் இலக்குவனுக்கு அவற்றைத் தந்து, சத்துருக்கனனுக்கு மகமும் சிம்மமும் அளிக்கிறார். இராமனுக்கும் கடகமே இலக்கினம். அவனைப் பிரியாத இலக்குவனுக்கு அது பொருந்துகிறது. காப்பியத்தில் பெரிதும் பேசாத இளவலுக்கு மட்டும் தனி உதயம் ஏன்?

மீட்சிப் படலத்தில் தீப்புகத் துணியும் பரதன், அரசை ஏற்குமாறு பணிக்கிறான். சத்துருக்கனன் நெஞ்சுருக மறுக்கிறான். அங்கு ஒலிப்பது எவருடைய நிழலுமல்லாத தனிக்குரல். எனவே கம்பர் செய்த மாற்றத்தைச் சோதிடப் புலமையின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளாது, பாத்திரப் படைப்பின் தொடக்கமாகவும் கொள்ளுதல் தகும்.