புகைபோக்கி உயர்ந்தால் நஞ்சு குறையுமா?

மேட்டூரில் ஓர் அனல் மின் நிலையம் இயங்கி வருவது வாசகர்கள் அறிந்ததே. 1987 முதல் 1990 வரை அமைந்த 210 மெகாவாட் அலகுகள் நான்கு. 2013இல் உற்பத்திக்கு வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று. சேலம், நாமக்கல் சமவெளியின் விசைத்தறிகளுக்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் மின்சாரம் இன்றியமையாதது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய நிலையங்களின் புகைக்கு அரசு வகுத்த விதி பத்தே ஆண்டுகளில் தேய்ந்து போன கதையையும், அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் அறிவியலுக்கு ஒத்தவைதாமா என்பதையும் நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் பிறந்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஆயினும் நிலக்கரி மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு நெடுங்காலம் வரம்பு ஏதும் இல்லை. புகைபோக்கியின் உயரத்துக்கு மட்டுமே விதி இருந்தது: 210 மெகாவாட் அலகுக்கு 220 மீட்டர், 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 275 மீட்டர். 2015 டிசம்பர் 7ஆம் நாள்தான் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரம்பை அறிவித்தது. ஒரு கன மீட்டர் புகையில் பழைய சிறிய அலகுகள் 600 மில்லிகிராமும், 500 மெகாவாட்டும் அதற்கு மேற்பட்டவையும் 200 மில்லிகிராமும் தாண்டக் கூடாது என்றது. இரண்டு ஆண்டு அவகாசமும் தந்தது.

பிறகு நடந்ததென்ன? கெடு 2022க்கு நீண்டது. 2021இல் நிலையங்கள் ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கப்பட்டு, கெடு மேலும் மேலும் தள்ளிப் போனது. இறுதியாக 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களை உள்ளடக்கிய ‘சி’ பிரிவுக்கு, புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றினால் போதும் என்ற நிபந்தனையுடன் கந்தக வரம்பிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. ‘பி’ பிரிவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். கட்டாயம் ‘ஏ’ பிரிவுக்கு மட்டுமே. தலைநகர் வட்டாரத்துக்கோ, 2011 கணக்கெடுப்பின்படி பத்து இலட்சம் மக்களைக் கொண்ட நகருக்கோ பத்து கிலோமீட்டருக்குள் உள்ளவை அப்பிரிவில் வரும். அந்தக் கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8 இலட்சத்து 29 ஆயிரம். மேட்டூரோ அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். காற்று, மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தா வீசுகிறது?

விலக்குக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. உண்மைதான், நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. ஆனால் எரிக்கும் நிலக்கரி எவ்வளவு? பென்சிலை எடுங்கள். 600 மெகாவாட் அலகு முழுத்திறனில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 44 இலட்சம் யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ நிலக்கரி எனக் கொண்டால் ஏறத்தாழ 10,000 டன். அதில் கந்தகம் 50 டன். கந்தகத்தின் அணு எடை 32. இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்து 32. எனவே எரிந்தபின் எடை இரட்டிப்பாகி, நாளொன்றுக்கு 100 டன் கந்தக டை ஆக்சைடு! சதவீதம் சிறியதென்பதால் அளவும் சிறியதாகி விடாது.

இரண்டாவது: ஊர்களின் காற்றில் அளந்து பார்த்தால் இந்த வாயு தேசிய வரம்புக்குள்தான் இருக்கிறது. இதிலே ஒரு வேதியியல் உண்மை மறைந்து போகிறது. இவ்வாயு காற்றில் வாயுவாகவே தங்கிவிடுவதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது சல்பேட் என்னும் நுண்துகளாக மாறுகிறது. நுரையீரலின் அடியாழம் வரை செல்வது இந்தத் துகளே. வாயுவை அளக்கும் கருவியில் முள் இறங்கும். துகளை அளக்கும் கருவியில் ஏறும். ஒரு கருவியை மட்டும் பார்த்துவிட்டு நோயில்லை என்று சொல்லலாமா?

மூன்றாவது: உயர்ந்த புகைபோக்கி போதும். உயரம் கூடினால் அருகில் தரைமட்டச் செறிவு குறையும் என்பது இயற்பியல்படி சரி. ஆனால் உயரம், நஞ்சைப் பரப்புகிறதே தவிர அழிப்பதில்லை. ஐரோப்பாவில் இப்படி உயர்ந்த புகைபோக்கிகளால், பிரிட்டன் முதலிய நாடுகளின் கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கியது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஸ்வீடன் முறையிட்டது. 1979இல் ஜெனீவாவில் உடன்படிக்கை ஏற்பட்டது. அவர்கள் அன்று கைவிட்ட மருந்தை நாம் இன்று வாங்குவது விந்தையே.

நான்காவது காரணம் தட்பவெப்பம் பற்றியது. கந்தகத்தைச் சுண்ணாம்புக் கல்லால் பிடித்தால் கரியமில வாயு பெருகும். மேலும், சல்பேட் துகள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பிப் புவியைக் குளிர்விக்கிறது என்கிறார்கள். இரண்டும் மெய்யே, ஆனால் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 64 டன் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும்போது 44 டன் கரியமில வாயு வெளிவரும். நம் கணக்கின் 100 டன்னுக்கு 69 டன். அதே நாளில் அந்த அலகு எரிக்கும் நிலக்கரியில் நூற்றுக்கு நாற்பது பங்கு கார்பன் எனக் கொண்டால், எழும் கரியமில வாயு 14,000 டன்னுக்கு மேல்! கருவியை ஓட்டும் மின்சாரத்தைச் சேர்த்தாலும் கூடுதல் நூற்றுக்கு இரண்டுக்குள் அடங்கும். குளிர்ச்சியோ, துகள் காற்றில் இருக்கும் சில நாட்களுக்குத்தான். கரியமில வாயுவின் வெப்பம் நூற்றாண்டுகளுக்கு. காய்ச்சலைத் தணிக்க நஞ்சு கொடுப்பது வைத்தியமாகாது.

செலவு அதிகம் என்ற வாதம் ஒன்று உண்டு. அது நேர்மையான வாதம். சாம்பல் துகளை முதலில் கவனிப்போம் என்பதும் ஆராயத் தக்கதே. எனினும் பிடித்த கந்தகம் ஜிப்சமாகிறது. அது சிமென்ட் ஆலைக்கு மூலப்பொருள். சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் தொழிலும் நம் சங்ககிரியிலேயே இருக்கின்றன. மருத்துவச் செலவை ஒரு தட்டிலும் கருவிச் செலவை மறு தட்டிலும் வைத்து நிறுத்த வேண்டும்; ஒரு தட்டை மட்டும் பார்ப்பது கணக்காகாது.

இன்னொரு குறையும் உண்டு. ஒரே புகைபோக்கியின் நஞ்சு வாரியத்துக்கு மில்லிகிராம் செறிவாகப் போகிறது. கரியமில வாயுவோ ஐக்கிய நாடுகள் சபைக்கு நாடு அனுப்பும் அறிக்கையில் கோடிக்கணக்கான டன்களுக்குள் கரைந்து விடுகிறது. 2022-23 முதல் முன்னணி ஆயிரம் நிறுவனங்கள் தம் கரியமில வாயுக் கணக்கைத் தர வேண்டும் என்று பங்குச் சந்தை வாரியம் பணித்தது. பங்குச் சந்தையில் இல்லாத அரசு மின் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. இரு கணக்குகளும் ஒன்றாக இருந்திருந்தால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்கும் நான்காவது வாதம் எழுந்த அன்றே விழுந்திருக்கும்.

ஆகவே நாம் கேட்பது எளியது. நிலையத்தின் வாயிலில் ஒரு பலகை. அதில் அன்றாடம் எரித்த நிலக்கரி, அதிலுள்ள கந்தகம், வெளியேறிய கந்தக டை ஆக்சைடு, கரியமில வாயு ஆகிய நான்கு எண்கள், டன்னில், தமிழில். அந்தப் பலகை வரும்வரை, மாணவ நண்பர்களே, மேலே கண்ட கணக்கை 210 மெகாவாட் அலகு நான்குக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள். அரசின் விதியை மதிப்பிட, பத்தாம் வகுப்பு வேதியியலும் கூட்டல் பெருக்கலும் போதும்.