வாக்காளருக்கு எட்டாத ஆணையம்

அமெரிக்கப் பொதுப்பணிகள் தாமதப்படும்போதெல்லாம், நியூயார்க்கில் பூங்காக்களையும் பாலங்களையும் சாலைகளையும் கட்டிய ராபர்ட் மோசஸைப் போன்ற ஒருவர் மீண்டும் வேண்டும் என்ற ஏக்கம் எழுகிறது. 2007இல் அந்நகரில் அவரைப் பற்றி நடந்த கண்காட்சிகளும் அவற்றையொட்டி வெளியான நூலும் அந்த ஏக்கத்திற்குப் புலமைத் தகுதியையும் அளித்தன. ஜோன்ஸ் கடற்கரைப் பூங்காவும், 1936இன் கோடையில் திறக்கப்பட்ட 11 பொது நீச்சல் குளங்களும், ட்ரைபரோ பாலமும் அவருடைய ஆற்றலுக்குச் சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றல் எவ்வகை அமைப்பின் வழியே செயற்பட்டது என்ற கேள்வியை அவரைப் போற்றுவோர் கடந்து சென்றுவிடுகின்றனர்.

அவ்வமைப்பு பொது ஆணையம் எனப்படும். அதாவது, மாநிலச் சட்டமன்றத்தால் நிறுவப்பட்டு, தேர்தலைச் சந்திக்காத உறுப்பினர்களால் நடத்தப்பட்டு, வரிப்பணத்திற்குப் பதிலாகச் சுங்கக் கட்டணத்தையும் கடன் பத்திரங்களையும் கொண்டு இயங்கும் நிறுவனம். பாலம் கட்டப் பெற்ற கடன் தீர்ந்ததும் ஆணையம் கலைய வேண்டும் என்பதே 1933இல் ட்ரைபரோ ஆணையம் தோன்றியபோதிருந்த எண்ணம். அதை நடத்திய மோசஸோ, மேலும் மேலும் பத்திரங்களை வெளியிட இடம்தரும் வகையில் சட்டத்தைத் திருத்தச் செய்து அதைக் கலையாத நிறுவனமாக்கினார். ஆணையத்தின் அதிகாரங்களையும் பத்திர ஒப்பந்தங்களுக்குள்ளேயே எழுதிவைத்தார். ஒப்பந்தக் கடப்பாடுகளைக் குலைக்கும் சட்டங்களை மாநிலங்கள் இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் தடுப்பதால், அதிகாரத்தை வழங்கிய சட்டமன்றமே அதைத் திரும்பப் பெற வழியின்றிப் போயிற்று.

அரசியல் தலையீடு இல்லாததால்தான் பணிகள் விரைந்தன என்பது அவரை ஆதரிப்போரின் வாதம். வீட்டை இழப்பவரிடம் பதில் சொல்ல வேண்டிய கடமை நீங்கியதால் கிடைத்த வேகத்தைத் தலைமைப் பண்பு என்று எவ்வாறு மதிப்பது? குறுக்கு பிராங்ஸ் விரைவுச்சாலைக்காக ஈஸ்ட் ட்ரெமான்ட் பகுதியில் சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. சற்றே விலகிச் செல்லும் மாற்றுப் பாதையை அம்மக்கள் முன்வைத்தும் அது ஏற்கப்படவில்லை. மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை அவர்களிடம் இருந்தது. ஆனால் பணமின்றித் தவித்த மாநகராட்சி, மோசஸின் கையிலிருந்த சுங்க வருவாயை எதிர்பார்த்து நின்றதால் அந்த வாக்கு வலுவிழந்தது.

1968இல் அவர் அதிகாரம் இழந்ததும் மக்கள் தீர்ப்பால் அன்று. ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர், பத்திரதாரர்களின் பொறுப்பாளராக இருந்த சேஸ் மன்ஹாட்டன் வங்கியின் தலைவரான தம் தம்பி டேவிட்டுடன் உடன்பாடு கண்ட பிறகே, ட்ரைபரோ ஆணையத்தைப் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ்க் கொண்டுவர முடிந்தது. 1924 முதல் பொதுப் பதவிகளை வகித்த மோசஸ், வாக்காளர் முன் நின்றது 1934இன் ஆளுநர் தேர்தலில் மட்டுமே. அதில் அவர்கள் அவரைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தனர்.