6-1, 6-0: ஒருதலை ஆட்டத்தை ரசிப்பது எப்படி?

டென்னிஸ் பார்ப்பேன் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். விம்பிள்டன் நடக்கும் இரண்டு வாரம் பார்ப்பார்கள். அதிலும் ஆண்கள் அரையிறுதியிலிருந்துதான். பெண்கள் ஆட்டமா என்றால் ‘ஸ்கோர் எல்லாம் ஒருதலையா இருக்குமே’ என்று இழுப்பார்கள். உள்ளரங்கில், அதாவது கூரைக்குள் நடந்த பெண்கள் போட்டி, அதுவும் நின்றுபோன ஒன்று என்று சொல்லிப் பாருங்கள்; மெதுவாகக் கிரிக்கெட்டுக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் பொறுமை போய் நாளாயிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு இதை எழுத எனக்குத் தனி உரிமை உண்டு. (2024 செப்டம்பரிலிருந்து ஊருக்குப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். வாய்க்கு இன்னும் பழகவில்லை.) இரண்டு பருவமழையும் நனைக்கும் ஊர் இது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். வெள்ளைக்காரர்கள் எதிரே ராஸ் தீவில் தேவாலயம், பேக்கரி, நடன அரங்கம், டென்னிஸ் கோர்ட் எல்லாம் கட்டினார்கள். டென்னிஸுக்கு ஒரு கூரை போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நம் நேதாஜி ஸ்டேடியமும் திறந்தவெளிதான். கூரையின் அருமை தெரிய வேண்டியவர்கள் நாம்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 15, 30, 40, பிறகு கேம். இரண்டு கேம் வித்தியாசத்தில் ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், பெண்களுக்கு இரண்டு செட் எடுத்தால் ஆட்டம். 6-6 வந்தால் டை-பிரேக். சர்வ் செய்கிறவர் அந்த கேமை ஜெயிப்பார் என்பது எதிர்பார்ப்பு, தோற்றால் ‘பிரேக்’. அவ்வளவுதான். மீதியை எந்தப் பள்ளிக்கூடப் பையனும் சொல்லித் தருவான். 1970-இல் ஹூஸ்டனில் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தம் போட்டு ஆண்களின் சங்கங்களை எதிர்த்துத் தனியே கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஊர் ஊராக ஆடிய குளிர்காலச் சுற்றில் பெரும்பகுதி கூரைக்குள்தான். பெண்கள் தொழில்முறை டென்னிஸ் வளர்ந்ததே உள்ளரங்கில் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது கொல்கத்தா. மெயின்லேண்ட் என்றால் நம்மில் பலருக்குச் சென்னைதான். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் நாமும் கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவர்கள். அந்த ஊரில் ஈடன் கார்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது நேதாஜி உள்ளரங்கம். 1975-இல் உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்காக எழுந்தது. அங்கேதான் 2005, 2006, 2007 ஆகிய மூன்று செப்டம்பர்களில் சன்ஃபீஸ்ட் ஓப்பன் நடந்தது. ஆமாம், பிஸ்கட் பெயர்தான். பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ.வின் மூன்றாம் அடுக்குப் போட்டி. மூன்றே ஆண்டு நடந்தது. அந்த அரங்கில் நான் கால் வைத்ததில்லை. அதனால் என்ன? திருவையாற்றுக்குப் போகாதவர் தியாகராஜர் கீர்த்தனை கேட்கக் கூடாதா?

மூன்று இறுதியாட்டங்களின் ஸ்கோர் இது. 2005: அனஸ்தாசியா மிஸ்கினா, கரோலினா ஸ்ப்ரெமை 6-2, 6-2. 2006: மார்ட்டினா ஹிங்கிஸ், ஓல்கா புச்கோவாவை 6-0, 6-4. 2007: மரியா கிரிலென்கோ, மரியா கோரித்சேவாவை 6-0, 6-2. கூட்டிப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் தோற்றவர்கள் மூவரும் சேர்ந்து எடுத்தது 10 கேம், ஜெயித்தவர்கள் எடுத்தது 36. ‘பார்த்தீர்களா, ஒருதலை’ என்று நீங்கள் எழுந்துகொள்வது தெரிகிறது. உட்காருங்கள். விஷயமே இனிமேல்தான்.

உள்ளரங்க டென்னிஸ் என்றதும் விமர்சகர்கள் ஒரு வாக்கியம் வைத்திருப்பார்கள்: ‘கோர்ட் வேகமானது, அதனால் சர்வ் பலமாக உள்ளவருக்கு லாபம்.’ இதைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நம்புவதை நிறுத்திவிடுங்கள். வேகம் வேறு, தாழ்வு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் பந்தைப் பார்க்கவில்லை, ஸ்பீடோமீட்டரைப் பார்க்கிறார்.

பந்து தரையில் படும்போது இரண்டு காரியம் நடக்கிறது. தரையின் உராய்வு பந்தின் முன்னோட்டத்தைப் பிடித்து இழுக்கிறது, அது ஒன்று. தரை பந்தை எவ்வளவு உயரம் மேலே அனுப்புகிறது என்பது இன்னொன்று. களிமண்ணில் உராய்வு அதிகம், எழும்புவதும் அதிகம். பந்து நின்று நிதானமாகத் தோளுக்கு வரும். புல்லில் உராய்வும் குறைவு, உயரமும் குறைவு. ஹார்ட் கோர்ட் நடுத்தரம், ஆனால் பந்து நன்றாகவே எழும். உள்ளரங்கப் போட்டிகளில் பல காலம் ஆட்சி செய்தது கார்ப்பெட்: மரத்தளத்தின் மேலோ கான்கிரீட்டின் மேலோ விரித்து, போட்டி முடிந்ததும் சுருட்டி எடுத்துப்போகும் செயற்கை விரிப்பு. அதில் பட்ட பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகும். கடலோரத்தில் சிறுவர்கள் சில்லை நீர்மேல் விட்டெறிவார்களே, அது தத்திக்கொண்டு போகுமே, அந்த மாதிரி. சில்லின் வேகம் கூடிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? எழும்பவில்லை, அவ்வளவுதான்.

சரி, இதனால் என்ன? ஒரே நேரத்தில் ராக்கெட்டை வந்தடையும் இரண்டு பந்துகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தோள் உயரத்தில், ஒன்று முழங்கால் உயரத்தில். கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆடுகிறவருக்கு ஒன்றல்ல. ராக்கெட்டின் பிடியை நன்றாகத் திருப்பி, பந்தைக் கீழிருந்து மேலே தேய்த்து டாப்ஸ்பின் அடிப்பவருக்குத் தோள் உயரப் பந்து விருந்து. முழங்கால் பந்தை அவர் தோண்டித்தான் எடுக்க வேண்டும். மாறாக, பந்தை மேலிருந்து கீழாக ஸ்லைஸ் வெட்டத் தெரிந்தவர், நெட்டுக்கு ஓடத் துணிந்தவர், பந்து எழும்பும் முன்பே அதன் கழுத்தைப் பிடிப்பவர், இவர்களுக்குத் தாழ்வான கோர்ட்தான் சொந்த ஊர்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு மீதே எனக்கு இதில் வருத்தம் உண்டு. கோர்ட்டுகளை மெதுவானதிலிருந்து வேகமானதுவரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் உராய்வையும் எழும்புதிறனையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். பந்து உயரே எழுந்தால் ஆடுகிறவருக்கு நேரம் கூடும், நேரம் கூடினால் கோர்ட் மெதுவாகத் தோன்றும் என்பது அவர்கள் காரணம். ஆய்வகத்துக்குச் சரி. ரசிகனுக்கு அது துரோகம். உப்பையும் புளியையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டால் குழம்பைப் பற்றி என்ன தெரியும்?

ஆதாரம் வேண்டுமா? சிகாகோவில் 1971 முதல் 1997 வரை நடந்த பெண்கள் உள்ளரங்கப் போட்டியை மார்ட்டினா நவ்ரத்திலோவா 12 முறை ஜெயித்தார். அவருக்குச் சர்வ் பலம்தானே என்பீர்கள். சரி, ஹிங்கிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிங்கிஸின் சர்வைப் பார்த்து நடுங்கியவர்கள் யாரும் கிடையாது. அவர் டோக்கியோவின் பான் பசிபிக் ஓப்பனை, உள்ளரங்கக் கார்ப்பெட்டில், ஐந்து முறை ஜெயித்திருக்கிறார். உள்ளரங்கம் சர்வ்காரர்களின் இடம் என்றால் அந்த ஐந்து கோப்பையும் எப்படி வந்தன? பதில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

இன்னொரு சங்கதி காற்று. பேட்மிண்டன் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரைக்குள் காற்றில்லை, வெயிலில்லை, நிழல்கோடு இல்லை. சர்வுக்காகத் தூக்கிப் போடும் பந்து ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குப் போகும். சர்வ் செய்பவருக்கு வசதி என்று அவசரப்படாதீர்கள். எதிரே நிற்பவருக்கும் அதே வசதி. முதல் சர்வ் தவறினால் அடிக்கும் இரண்டாவது சர்வ் பலவீனமாக இருந்தால், அதைக் காற்று காப்பாற்றாது. அதனால்தான் உள்ளரங்க ஸ்கோர்கள் கொடூரமாக இருக்கின்றன. இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் உண்மையான தூரம் ஒளிய இடமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. ஒருதலை ஆட்டம் சலிப்பு என்பவர் எக்ஸ்ரேயில் நிறம் இல்லை என்று குறைப்படுகிறார்.

இதற்கு என்னிடம் உள்ள சிறந்த பாடம் கொல்கத்தா 2006 அரையிறுதி. ஹிங்கிஸ், சானியா மிர்சாவை 6-1, 6-0. மொத்தம் 13 கேம். ஒருவர் 7 கேமில் சர்வ் செய்திருப்பார், மற்றவர் 6. சானியாவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் குறைந்தது ஐந்து முறை அவருடைய சர்வ் பிரேக் ஆகியிருக்க வேண்டும். ஒரு காட்சிகூடப் பார்க்காமல், வெறும் ஸ்கோரிலிருந்து இவ்வளவு தெரிகிறது. சானியாவின் ஃபோர்ஹேண்ட் உலகத்தரம். இரண்டாவது சர்வ் அப்படியல்ல என்பதை அவருடைய ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். நானும் அவர் ரசிகன்தான்.

அடுத்த வாரமே சியோலில் இருவரும் மறுபடி மோதினார்கள். திறந்தவெளி ஹார்ட் கோர்ட். சானியா 4-6, 6-0, 6-4 என்று ஜெயித்தார். அதே இருவர், ஒரு வார இடைவெளி. தலையில் கூரை இல்லை, பந்து எழும்பிற்று, வானம் இருந்தது. வெற்றிக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும், ஒரு வாரப் பழக்கம் உட்பட. ஆனால் இந்த இரண்டு ஸ்கோர்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். உள்ளரங்க டென்னிஸ் புரிய ஆரம்பிக்கும். பத்திரிகைகள் அந்த நாட்களில் சானியாவின் பாவாடை நீளத்தையும் டி-ஷர்ட் வாசகத்தையும் அளந்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். (அந்த இருவர்தான் 2015-இல் இரட்டையராகச் சேர்ந்து விம்பிள்டனும் அமெரிக்க ஓப்பனும் வாங்கினார்கள். டென்னிஸில் பகை நிலைப்பதில்லை.)

ஓர வரிகளையும் விடாதீர்கள். எனக்குப் பிரியம் அங்கேதான். 2005 கோப்பை மிஸ்கினாவின் கடைசி ஒற்றையர் பட்டம். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்து, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் வென்ற முதல் ரஷ்யப் பெண் ஆகியிருந்தார். அவரிடம் தோற்ற ஸ்ப்ரெம் யார் தெரியுமா? 2004 விம்பிள்டனில் வீனஸ் வில்லியம்ஸை வீழ்த்தியவர். டை-பிரேக்கில் நடுவர் தவறுதலாக அவருக்கு ஒரு பாய்ண்ட் கூடுதலாகக் கொடுத்துவிட்ட அந்த ஆட்டம். அதே 2005-இல் இரட்டையர் இறுதியில் தோற்றவர்கள் நேஹா, ஷிகா உபராய் என்ற அக்கா தங்கை. 2006 இரட்டையர் கோப்பை சானியாவுக்கும் லீசல் ஹூபருக்கும். ஒற்றையரில் அப்படி அடிவாங்கிய வாரத்திலேயே கோப்பை. 2007-இல் கோரித்சேவா ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் இறுதிக்கு வந்து இரண்டிலும் தோற்றார். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: ஜெயித்த கிரிலென்கோவைவிட அவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 1996 நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் இறுதியாட்டத்தில் தொடங்குங்கள். அது ஆண்டு இறுதிப் போட்டி. அதன் இறுதியாட்டத்தில் 1984 முதல் 1998 வரை பெண்கள் ஐந்து செட் முறையில் ஆடினார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்டெஃபி கிராஃப், 16 வயது ஹிங்கிஸை 6-3, 4-6, 6-0, 4-6, 6-0. கடைசி செட்டில் ஹிங்கிஸின் கால் பிடித்துக்கொண்டது. கிராஃபின் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் பட்டு வரும் பந்து ஹிங்கிஸின் இடுப்புக்கு மேலே எத்தனை முறை எழுகிறது என்று மட்டும் பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள்.

விம்பிள்டன் கூரை மூடிய நாளில் ஆடுவதை உள்ளரங்க டென்னிஸ் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அது மழைக்கு ஒதுங்கிய டென்னிஸ். முதல் நாளிலிருந்து கூரைக்கென்றே அமைந்த போட்டி வேறு இனம். அந்த இனம் குறைந்துகொண்டே போகிறது. பிரைட்டன் 1995-இல் நின்றது, சிகாகோ 1997-இல், சூரிச் 2008-இல், பாரிஸின் பெண்கள் உள்ளரங்கப் போட்டி 2014-இல். கார்ப்பெட்டைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்த கியூபெக் 2018-இல். நம் நாட்டுக்கு 2022-இல் டபிள்யூ.டி.ஏ. சென்னை ஓப்பனாகத் திரும்பி வந்தபோது நுங்கம்பாக்கத்தின் திறந்தவெளிக்குத்தான் வந்தது. சென்னையில் மழைக்காலம் எப்போது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தீவில் இருக்கிறோம், வீடியோ ஓடாது என்ற சாக்கும் இனி செல்லாது. சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 முதல் வேலை செய்கிறது. முப்பது வினாடி ஹைலைட்ஸ் பார்ப்பதற்காக அதை யாரும் கடலுக்கடியில் போடவில்லை. முழு ஆட்டம் பாருங்கள். கொல்கத்தா ஸ்கோரை முதலில் படியுங்கள், சியோலை அப்புறம். வரிசையை மாற்றிப் படித்துவிட்டு, சானியா எப்படி இப்படித் தோற்றார் என்று மட்டும் என்னிடம் கேட்க வராதீர்கள்.