மரக்காலின் தாளம்: கிளேற்றன் பேற்ஸின் தனிநடனம்

கலைஞன் ஒருவன் தன் வாழ்வின் அவலத்தோடு மேடையேறும்போது பார்வையாளர் உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கமே. அவ்விரக்கம் கலையனுபவமாகுமா, அன்றிக் கலையை மறைக்கும் திரையாகிவிடுமா என்பது திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும். 'பெக் லெக்' பேற்ஸ் என அறியப்பட்ட அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கிளேற்றன் பேற்ஸின் (1907–1998) 'ரப்' நடனம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

தென் கரோலைனா மாநிலத்தின் பவுண்டன் இன் என்னும் சிற்றூரில், குத்தகை விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்த பேற்ஸ், 12ஆவது வயதிற் பருத்தியாலையொன்றில் வேலைசெய்கையில் இயந்திரத்திற் சிக்கி இடது காலை இழந்தார். சத்திரசிகிச்சை வீட்டுச் சமையலறை மேசையிலேயே நடைபெற்றது. உறவினரொருவர் செதுக்கிக் கொடுத்த மரக்காலுடன் அவர் ஆடப் பழகினார். சிறுவனை ஆலைக்கு அனுப்பிய வறுமையும், அவன் இனத்தவரை ஒதுக்கிவைத்த சமூக அமைப்பும் இவ்விபத்தின் பின்புலமாதலின், இதனை வெறும் விதியின் செயலெனக் கொள்ளல் பொருந்தாது.

ரப் நடனத்தின் உயிர் ஒலியிலுள்ளது. சப்பாத்தின் நுனியிலும் குதியிலும் பொருத்தப்பட்ட உலோகத் தகடுகள் தரையை வாத்தியமாக்குகின்றன. இரு காலுடைய ஆடுநர்க்கு ஒலி பிறக்கும் முனைகள் நான்கு, பேற்ஸுக்கோ மூன்றே. மரக்காலில் நுனி, குதி என்ற வேறுபாடில்லை. எனினும், தோலும் இறப்பரும் பொருத்திய அதன் அடிமுனை, வலது காலின் கூரிய உலோக ஒலிக்கு எதிராகக் கனத்த, ஆழ்ந்த ஒலியொன்றை எழுப்பியது. இவ்வேற்றுமையை மறைக்க முயலாது, அதனையே அவர் தம் ஆட்டத்தின் ஆதாரமாக்கினார். சமனற்ற ஒலிகளைச் சமனான காலவளவில் நிறுத்துவதே அவ்வாட்டத்தின் அமைப்பாகும். சிதைந்த வாழ்வுக்கு ஒழுங்கு தேடும் முயற்சி, கதையாகவன்றித் தாளமாகவே அங்கு வெளிப்படுகின்றது. உள்ளடக்கம் உருவமாகிவிட்ட நிலை இதுவெனலாம்.

இச்சிறப்பு எங்கும் சீராக நின்றதெனக் கூறல் இயலாது. பாய்ந்தெழுந்து மரக்காலில் இறங்கி, அக்காலிலேயே பின்னோக்கித் துள்ளிச்செல்லும் இறுதிக் கட்டம் வித்தை காட்டலை அண்மிக்கின்றது. அங்கு காண்போர் வியக்கின்றனர். தாளத்தைக் கேட்க மறக்கின்றனர். குறையையே பெயராக்கி விற்ற வணிக அரங்கின் எதிர்பார்ப்பு இதற்கொரு காரணமாகும். எட் சலிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 20 தடவைக்கு மேல் தோன்றிய அவர், சில நிமிடங்களுள் கைதட்டலைப் பெறவேண்டியிருந்தது. தம்மீது இரங்கவேண்டாமெனப் பொருள்படும் வரிகளை அவர் மேடையிற் கூறுவதுமுண்டு. ஆயின், அவ்வேண்டுகோளை வரிகளினும் திறம்படக் கால்களே விடுத்தன.

1951இல் நியூ யோர்க் மாநிலத்தின் கற்ஸ்கில் மலைப்பகுதியில் அவர் தொடங்கி 1987 வரை நடத்திய விடுதி, வேறிடங்களில் வரவேற்பற்றிருந்த கறுப்பின மக்களுக்கு ஓய்விடமாயிற்று. தனியொருவரின் வெற்றி அங்கு சமூகப் பொருள் பெற்றது. இதனைக் கருதாது, முயன்றால் எவரும் வெல்லலாம் என்ற எளிய நீதியாக அவர் ஆட்டத்தைச் சுருக்குவோர், அம்முயற்சியை வேண்டிநின்ற அநீதியை மறந்துவிடுகின்றனர். இரங்குவோரும் வியப்போரும் மரக்காலை மட்டுமே காண்கின்றனர். இரு கால்களின் ஒலியையும் ஒருசேரக் கேட்போரே பேற்ஸ் என்ற கலைஞரை அறிவர்.