காது தேறியது, நாக்கு தேறவில்லை

பிறந்த குழந்தைக்கு யாரும் இலக்கணம் நடத்துவதில்லை. ஆனாலும் நான்கைந்து வயதுக்குள் அது வீட்டுமொழியில் கேட்கிறது, மறுக்கிறது, சண்டை போடுகிறது, கதை சொல்கிறது. இரண்டாம் மொழியையும் இதே வழியில் பள்ளியில் கொடுத்துவிட முடியுமா? இந்தக் கேள்வியை மிக நீண்டகாலம், மிகப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்த நாடு கனடா.

மாண்ட்ரியலுக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது செயின்ட் லாம்பர்ட். 1965 செப்டம்பரில் அங்கே ஆங்கிலம் பேசும் வீடுகளிலிருந்து 26 குழந்தைகள், முழுக்கப் பிரெஞ்சில் நடக்கும் மழலையர் வகுப்பில் சேர்ந்தார்கள். அந்த ஊர் உள்ள கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சின் மதிப்பு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளியில் ஆண்டுக்கணக்காகப் பிரெஞ்சு படித்தும் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேச வராத பெற்றோர், பள்ளி வாரியத்தை விடாமல் வற்புறுத்திப் பெற்ற வகுப்பு. மக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தக் குழந்தைகளை ஆண்டுதோறும் சோதித்து, 1972-இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். இன்று கனடாவில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இந்த ‘இம்மெர்ஷன்’ வகுப்புகளில், அதாவது மூழ்கல் முறையில் படிக்கிறார்கள்.

இதன் வெற்றியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆங்கிலம் கெட்டுப்போகும் என்ற அச்சம் பொய்த்தது. தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கினாலும், பள்ளியில் ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் விரைவிலேயே ஈடுகட்டினார்கள். பிரெஞ்சில் கற்ற கணக்கை ஆங்கிலத்தில் கேட்டபோதும் செய்தார்கள். ஒரு மொழியில் ஊன்றிய அறிவு இன்னொரு மொழிக்கும் உதவும் என்ற கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் கருத்துக்கு இது வலுவான சான்று. பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில், தொடக்கப்பள்ளி முடியும்போது பலர் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு வெகு அருகில் நின்றார்கள். நாளுக்கு ஒரு பாடவேளை என்று மொழியைப் பாடமாக மட்டும் சொல்லித்தரும் எந்த முறையும் இந்த அளவைத் தொட்டதில்லை.

குறை வாயைத் திறந்தபோது தெரிந்தது. ஆறேழு ஆண்டுகள் பிரெஞ்சிலேயே படித்தவர்கள் தடையின்றிப் பேசினார்கள். ஆனால் பெயர்ச்சொற்களின் பாலில் தவறினார்கள், இறந்தகால வடிவங்களைக் குழப்பினார்கள். புரியும்படியான மொழி போதிய அளவு காதில் விழுந்தால் மற்றவை தாமாக வரும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வாதிட்டுவந்தார். அதற்கு மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின் 1985-இல் சொன்ன மறுப்பு இந்த வகுப்பறைகளிலிருந்தே எழுந்தது. கேட்பவர் சூழலை வைத்துப் பொருளைப் பிடித்துக்கொள்ளலாம். வினைமுடிவைக் கவனிக்கத் தேவையில்லை. பேசுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வகுப்பில் மாணவர்கள் வாய்திறக்கும் நேரமோ மிகக் குறைவு. திறந்தாலும் ஓரிரு சொற்களோடு முடிந்துவிடும்.

மரியாதைப் பன்மை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல பிரெஞ்சிலும் ‘தூ’, ‘வூ’ உண்டு. ஆசிரியர் குழந்தையை ‘தூ’ என்றுதான் அழைப்பார். குழந்தைகளும் தங்களுக்குள் அப்படியே. ஒருவரைப் பார்த்து மரியாதையாக ‘வூ’ சொல்லும் தருணம் வகுப்பறையில் அரிது. ஆகவே பெரியவர்களிடமும் ‘தூ’ என்றே பேசும் பழக்கம் மாணவர்களிடம் படிந்தது. வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டு மாமா, கடைக்காரர், தன்னைவிடப் பெரிய பிள்ளைகள் என்று பல வாய்களிலிருந்து வருவதுதான் முதல்மொழி. இங்கே நன்றாகப் பிரெஞ்சு பேசுபவர் ஆசிரியர் ஒருவரே. சுற்றிலும் ஒரே மாதிரித் தவறு செய்யும் சகாக்கள். அந்தத் தவறுகளே வகுப்பின் வழக்காகி நிலைத்துவிடுகின்றன. திருத்தவும் எளிதில்லை. ஆய்வாளர்கள் ராய் லைஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் காட்டியபடி, ஆசிரியர்கள் பெரும்பாலும் மாணவரின் வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அது திருத்தம் என்பதே பல சமயம் மாணவருக்கு உறைக்கவில்லை. யோசித்துச் சரிசெய்யும்படி தூண்டியபோதுதான் பலன் கூடியது.

சின்ன வயதிலேயே தொடங்கினால் எல்லாம் வரும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையில்லை. ஏழாம் வகுப்பில்தான் மூழ்கல் முறைக்கு வந்தவர்கள் சில சோதனைகளில் மழலையர் வகுப்பிலிருந்து வந்தவர்களுக்கு நிகராக நின்றார்கள்.

இன்னொரு குறை சமூகம் சார்ந்தது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. விரும்பிச் சேர்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் ஒரு பக்கம் திரள, கற்றலில் தடுமாறும் பிள்ளைகள் பாதியில் வெளியேறி ஆங்கில வகுப்புக்குத் திரும்புகிறார்கள். மூழ்கல் வகுப்பிலேயே ஊன்றி உதவி பெற்றிருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

நம் ஊரில் எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கில வழி வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணமும் இதுதான்: மொழிக்குள் போட்டுவிட்டால் தானாக வந்துவிடும். செயின்ட் லாம்பர்ட்டை அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. அந்தக் குழந்தைகளின் வீட்டுமொழி ஆங்கிலம். கண்டத்திலேயே வலுவான மொழி, தெருவிலும் தொலைக்காட்சியிலும் வேலையிலும் அதற்கு இடம் உறுதி. பிரெஞ்சு அதன்மேல் கூடியது, எதையும் அகற்றவில்லை. வீட்டுமொழிக்கு மதிப்பில்லாத இடத்தில் புது மொழி வந்தால் பழையது தேயும் என்று வேறுபடுத்திக் காட்டியவரும் அதே லாம்பர்ட்தான். மேலும், அந்த முதல் வகுப்பின் ஆசிரியருக்குக் குழந்தைகளின் ஆங்கிலம் புரியும். தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் கேட்கலாம். பதில் பிரெஞ்சில் வரும். பேசச் சொல்லி நெருக்குதல் இல்லை. தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் நம்மிடம் இருந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் சரளமில்லாத ஆசிரியர் பாடநூலை வாசித்துவிட்டுத் தமிழில் விளக்க, பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்யும் வகுப்புகள் இன்றும் இருக்கின்றன. ஆசிரியர் வாயிலேயே ஓடாத ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளின் காதுக்கு எங்கிருந்து வரும்? கனடா மாணவர்களுக்கு நிச்சயமாகக் கிடைத்த அந்தக் கேட்டுப் புரியும் திறன்கூட இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கூடவே அறிவியலும் கணக்கும் அரைகுறையாக நின்றுவிடுகின்றன.