'மாற்றான்' திரைக்கதையில் இரட்டையரும் மரபணுச் சோதனையும்

ஆய்வுச் சுருக்கம்

2012இல் வெளிவந்த 'மாற்றான்' திரைப்படம், மரபணுச் சோதனையை ஒரு தந்தையின் மறைவான குற்றமாகக் காட்டுகிறது. அக்குற்றத்தில் கேட்கப்படாமல் போன சம்மதத்திற்குத் திரைக்கதை அளிக்கும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மர்மப் புனைவு, இரட்டையர், மரபணு, சம்மதம், சுபா.

முன்னுரை

மாத நாவல்களின் வழியாகத் தமிழில் பரவலான வாசகரைப் பெற்ற மர்மப் புனைவு, பின்னர்த் திரைக்கதையிலும் தன் உத்திகளைத் தொடர்ந்தது. சுபா என்னும் பெயரில் எழுதும் சுரேஷ், பாலகிருஷ்ணன் ஆகிய இருவரும் இயக்குநர் கே. வி. ஆனந்துடன் இணைந்து உருவாக்கிய 'மாற்றான்' அதற்குச் சான்றாகும். விமலனும் அகிலனும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். இருவருக்கும் இதயம் ஒன்றே. தந்தை இராமச்சந்திரன் மரபணு அறிவியலாளர். பால்மாவு நிறுவனத்தின் உரிமையாளர். பலரின் மரபணுக்களை ஓர் உயிரில் இணைக்க முயன்ற அவரது சோதனையின் விளைவே இவ்விரட்டையர் என்பது கதையின் முடிச்சு.

தலைப்பின் பொருள்

மாற்றான் என்னும் சொல் பகைவனையும் அயலானையும் குறிக்கும். தொடக்கத்தில் அது, ஒரே உடலோடு பிணைந்து நிற்கும் வேறொருவனைச் சுட்டுவதாகத் தோன்றுகிறது. விமலன் இறந்து, அவன் இதயம் அகிலனுக்குப் பொருத்தப்பட்டபின் பொருள் இடம் மாறுகிறது. உடன்பிறந்தவன் உயிராகிறான், வளர்த்தவன் பகைவனாகிறான். திரைக்கதையின் சிறந்த அமைப்பு இதுவே. எனினும், இத்திருப்பத்தால் சோதனை பற்றிய அறக்கேள்வி தந்தை மகன் பகையாகச் சுருங்குகிறது.

பதிவும் மறைவும்

இனக்கலப்புச் சோதனை மறைவாகவே நிகழும் என்பது புனைவின் தேவை. கொங்கு நாட்டின் வரலாறு வேறு. கோயம்புத்தூரில் 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பயிர்க்கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 'கோ 205' உருவாக்கப்பட்டது. 'கோ' என்பது ஊர்ப்பெயரின் முதலெழுத்து. அக்கரும்பின் பெற்றோர் இனங்கள் பதிவில் உள்ளன. இரட்டையரின் பிறப்பு மூலமோ அவர்களிடமிருந்தே மறைக்கப்படுகிறது. பயிருக்குப் பதிவு போதும். மனிதருக்கு அது போதாது.

கையொப்பமும் சம்மதமும்

2018 நவம்பரில் சீன அறிவியலாளர் ஹே ஜியான்குய், கருநிலையில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். பெற்றோரிடம் கையொப்பம் பெறப்பட்டிருந்தது. ஆனால், படிவம் அச்சோதனையை எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கத் திட்டம் எனக் குறிப்பிட்டது. 2019இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கு உண்மையை மறைத்தது பூட்டிய ஆய்வுக்கூடம் மட்டுமன்று. கையொப்பமிட்ட தாளும் மறைத்தது.

இந்நிகழ்வுக்கு ஆறாண்டுகள் முன்னரே வெளிவந்த 'மாற்றானில்' அத்தகைய தாளுக்கும் இடமில்லை. இரட்டையருள் ஒருவரை இழக்கத் தாய் மறுக்கும் இடத்தில் மட்டும் முடிவு அவள் கைக்கு வருகிறது. அதைத் திரைக்கதை தாய்ப்பாசமாகவே வரைகிறது. தன் கருவறை சோதனைக்களமானதை அறியும் உரிமை அவளுக்கு உண்டு என்னும் எண்ணம் கதையை நகர்த்தும் விசையாக வளரவில்லை.

முடிவுரை

மர்மப் புனைவு குற்றவாளியைக் கண்டறிந்து தண்டிப்பதோடு நிறைவடைகிறது. 'மாற்றானும்' அம்மரபில் நின்று மறைவை உடைக்கிறது. தந்தையின் அழிவோடு வழக்கை முடிக்கிறது. ஆனால், நல்ல நோக்கமுடைய ஒருவர் இதே சோதனையைச் செய்திருந்தால் அது ஏற்புடையதா என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை. மரபணுவைப் பேசும் தமிழ்ப் புனைவு, தீயவனைத் தேடுவதோடு நில்லாமல், கேட்கப்படாதவர் யார் என்பதையும் தேடும்போதே அவ்வினாவை எதிர்கொள்ள இயலும்.